ஆணுறை அணிந்த பின்னும் சலக்கடுப்பு: திருகோணமலையில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஆணுறை அணிந்துதான் உறவு கொண்டோம், உறை கிழியவுமில்லை, கழலவுமில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, போய் வந்த கையோடு மறுபடியும் போக வேண்டும் போலிருக்கிறது, ஒரு வாரம் கடந்தும் முற்றாக விடவில்லை என்ற நிலையில் முதன்முறையாக நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நிலை அரிதானதன்று. ஆனால் வெட்கத்தாலும் பயத்தாலும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல், பாமசிக்குப் போய் ‘சலம் எரியுது’ என்று மட்டும் சொல்லி, நான்கைந்து குளிசைகளை வாங்கி விழுங்குவதே நம்மில் பலரும் செய்வது. அந்தக் குளிசை வாய்க்குள் போவதற்கு முன் சிறுநீர் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்தப்போவது.

ஆணுறை அணிந்தும் ஏன் இப்படி வருகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பாலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா, எச்.ஐ.வி. ஆகியவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதை ஆணுறை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் சலக்கடுப்புக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஈ. கோலை என்னும் பற்றீரியா துணையிடமிருந்து வர வேண்டியதில்லை; அது நம் குடலில் எப்போதும் இருப்பது, குதவாயைச் சுற்றியுள்ள தோலிலும் இருப்பது. உறவின்போது ஏற்படும் உராய்வில் அது சிறுநீர்வழியின் வாயிலுக்குத் தள்ளப்படுகிறது. பெண்களுக்குச் சிறுநீர்வழியின் நீளம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் என்பதால், பெண்களிடம் அது எளிதில் சிறுநீர்ப்பையை எட்டிவிடுகிறது. ஆகவே உறவுக்குப் பின் வரும் சலக்கடுப்பு துணையின் ஒழுக்கத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்த ஓர் எரிச்சலை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகித்து மனம் முறிந்துபோகும் தம்பதியர் இருக்கிறார்கள்.

முதலாம் படி: அவசரமா, இல்லையா?

காய்ச்சல், நடுக்கம், வாந்தி, முதுகின் பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே வலி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்; அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சிறுநீர் அறவே போகாமல் அடைபட்டாலும், இரத்தம் கட்டியாகப் போனாலும் அப்படியே. கர்ப்பிணிகள் எரிச்சல் சிறிதாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கு ஒரு பக்க விதையில் திடீரெனக் கடும் வலி எடுத்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கக்கூடும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்பதால், விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உறை உண்மையில் கிழிந்திருந்தால் அதுவும் அவசரம்தான். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு இருந்ததாக வைத்தியர் கருதினால் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே அவசரம் பொருந்தும்.

இரண்டாம் படி: எப்போது தொடங்கியது, எங்கே எரிகிறது?

வைத்தியரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உறவு நடந்த நாள், எரிச்சல் தொடங்கிய நாள், இடையில் விழுங்கிய மருந்துகள். வைத்தியர் முதலில் கேட்பவை இவைதாம். பதற்றத்தில் நாட்கள் மாறிப்போகும்.

சில மணித்தியாலங்களுக்குள்ளேயே எரிச்சலும் தடிப்பும் அரிப்பும் வந்திருந்தால் உறையின் இறப்பரோ, அதிலுள்ள வழவழப்புத் திரவமோ, வாசனையோ ஒவ்வாமல் போயிருக்கலாம். விந்தணுக்கொல்லி பூசிய உறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெண்ணுறுப்பில் வாழ்ந்து காவல் காக்கும் நல்ல பற்றீரியாக்களை அந்த மருந்து அழித்துவிடுவதால், ஈ. கோலை பெருகச் சலக்கடுப்பு அடிக்கடி வரும். உறைப் பெட்டியில் ‘நொனொக்சினோல்-9’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு நாளில் அடிவயிற்று வலியோடு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் சலக்கடுப்பு என்றால் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு முதல் ஐந்து நாட்களில் மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிந்தால் கொனோரியாவையும், ஒன்று முதல் மூன்று வாரங்களில் மெல்லிய தெளிந்த கசிவோடு லேசான எரிச்சல் வந்தால் கிளமிடியாவையும் நினைக்க வேண்டும். உறை போட்டும் இவை எப்படி என்றால், வாய்வழி உறவில் பலரும் உறை அணிவதில்லை. சிலர் பாதியில்தான் அணிகிறார்கள். ஹேர்ப்பீஸ், சிபிலிஸ் ஆகியவையோ உறை மூடாத இடத்துத் தோலின் வழியாகவும் தொற்றும்.

எரிவது உள்ளேயா வெளியேயா என்பதும் முக்கியம். சிறுநீர் வெளித்தோலில் படும்போதுதான் சுள்ளென்று எரிகிறது என்றால், பூஞ்சணத் தொற்றோ ஒரு சிறு புண்ணோ இருக்கலாம். கைக்கண்ணாடியைப் பிடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்; கொப்புளமோ புண்ணோ தெரிந்தால் அது காய்வதற்குள் வைத்தியரிடம் காட்டுவது நோயை இனங்காண மிகவும் உதவும்.

இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வரும். இவற்றைக் கொண்டு வீட்டிலேயே முடிவு செய்ய முடியாது. எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்பதை அறியவே இவை பயன்படும்.

மூன்றாம் படி: எங்கே போவது?

வெறும் சலக்கடுப்பு என்றால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே போதும். மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. பாலுறவால் தொற்றியிருக்குமோ என்ற ஐயம் சிறிதளவேனும் இருந்தால், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையோடு சேர்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு, அதாவது எஸ்.டி.டி. கிளினிக்குக்கு, நேரே போவதே என் பரிந்துரை. வேறு வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. சோதனையும் மருந்தும் இலவசம். விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். கிழமை நாட்களில் காலையில் போவது நல்லது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடெங்கும் இயங்கும் இந்தக் கிளினிக்குகளின் வேலைத்தரத்தை நான் மதிக்கிறேன். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை இல்லாதொழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை அங்கீகரித்ததில் அவற்றுக்குப் பங்குண்டு.

திருகோணமலை சிறிய நகரம். வைத்தியசாலை வாசலில் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படாமல் இராது. அந்த அச்சத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்வது எளிது, ஆனால் அதனாலேயே மாதக்கணக்கில் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அப்படியானவர்கள் மட்டக்களப்பிலோ அநுராதபுரத்திலோ உள்ள இதே வகைக் கிளினிக்குக்குப் போகலாம். பஸ் செலவு ஆகும், ஒருநாள் வேலை கெடும். போகாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். உள்ளே போன பின், யாருடன், எந்த வகையில் உறவு கொண்டீர்கள் என்று கேட்பார்கள். எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்று தீர்மானிக்கவே அந்தக் கேள்வி. மறைத்தால் சோதனை தவறான இடத்தில் நடக்கும்.

நான்காம் படி: சிறுநீர் மாதிரி கொடுத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான குழப்பம் நேர்கிறது; நிதானமாக வாசியுங்கள். சிறுநீரில் இரண்டு வகை மாதிரிகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான முறையில் எடுக்கப்படுபவை.

சலக்கடுப்புக்கான சாதாரணச் சோதனைக்கும், சிறுநீரிலுள்ள பற்றீரியாவை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் நடுச்சிறுநீர் வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் சிறந்தது. உறுப்பை வெறும் தண்ணீரால் கழுவி, பெண்கள் இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டும், ஆண்கள் முன்தோலைப் பின்னிழுத்துக்கொண்டும், முதலில் வருவதைக் கழிவறைக்குள் விட்டு, ஓட்டம் நில்லாமலே போத்தலை நடுவில் நீட்டிப் பிடித்து, கடைசியில் வருவதையும் வெளியே விட வேண்டும். போத்தலின் விளிம்போ மூடியின் உட்புறமோ விரலில் படக் கூடாது. கிருமி நீக்கிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே தருவார்கள். வீட்டிலுள்ள ஜாம் போத்தலைக் கழுவிக்கொண்டு போனால் முடிவு பிழைக்கும்.

மாதிரி இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ காலையில் எடுத்த போத்தலைப் பையில் வைத்து, பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, பத்தரை மணிக்குக் கொடுத்தால், இங்குள்ள வெக்கையில் ஒன்றிரண்டு பற்றீரியாக்கள்கூட அதற்குள் பல்லாயிரமாகப் பெருகிவிடும். இல்லாத தொற்று இருப்பதாக அறிக்கை வரும். தூரத்தில் இருப்பவர்கள் நகருக்கு வந்து வைத்தியசாலையிலேயே மாதிரி எடுத்துக் கொடுங்கள். புறப்பட்டதிலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்தால் அதுவே போதும்.

கொனோரியா, கிளமிடியா பற்றீரியாக்களின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு வேண்டியதோ முதற்சிறுநீர். ஒரு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமலே, ஓட்டத்தின் தொடக்கத்தில் வரும் 20 முதல் 30 மில்லிலீற்றரை மட்டும் பிடிக்க வேண்டும். நோய்க்கிருமி சிறுநீர்வழியின் சுவரில் ஒட்டியிருப்பதால் முதலில் வரும் நீர்தான் அதை அடித்துக்கொண்டு வரும். பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியே நம்பகமானது. எந்தச் சோதனைக்கு மாதிரி கேட்கிறார்கள் என்று தாதியிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘முதலாவதா, நடுவிலா?’ என்ற இரண்டே சொற்களில் அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

யூ.எவ்.ஆர். எனப்படும் சாதாரணச் சிறுநீர் அறிக்கை பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். அதில் சீழ்க்கலங்கள் கூடுதலாக இருந்தால் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். நைத்திரைற்று காணப்பட்டால் ஈ. கோலை போன்ற பற்றீரியா இருக்கக்கூடும். தோலிலிருந்து உதிரும் மேலணிக் கலங்கள் நிறைய என்று எழுதியிருந்தால் மாதிரி சரியாக எடுக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் விளக்கம். பயப்படாமல் மறுபடி எடுத்துக் கொடுங்கள்.

வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு, மூன்று நாட்கள் செல்லும். எந்தப் பற்றீரியா, அதற்கு எந்த அன்ரிபயோட்டிக் கேட்கும், எது கேட்காது என்பதை அது சொல்லும். தெற்காசியாவில் சிப்ரோபுளொக்சசின் போன்ற பழகிய மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை மலிந்துவிட்டதால், இந்தப் பட்டியல் இல்லாமல் மருந்து எடுப்பதை, குறிப்பாக ஆண்களும் அடிக்கடி சலக்கடுப்பு வரும் பெண்களும், தவிர்க்க வேண்டும்.

சீழ்க்கலங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் வளர்ப்பில் ஒன்றும் வளரவில்லை என்று ஓர் அறிக்கை வருவதுண்டு. ‘ஒன்றும் இல்லை’ என்று அதை மடித்து வைத்துவிடாதீர்கள். கிளமிடியாவும் கொனோரியாவும் சாதாரணச் சிறுநீர் வளர்ப்பில் வளர்வதில்லை. ஏற்கெனவே விழுங்கிய அரைகுறை அன்ரிபயோட்டிக்கும் வளர்ச்சியை அடக்கியிருக்கலாம். பாமசியில் வாங்கிய நான்கு குளிசைகள் செய்யும் பெருந்தீங்கு இதுதான்: நோய் உள்ளே இருக்க, அதன் தடயம் மட்டும் அழிந்துபோகிறது. அப்படி ஏதாவது விழுங்கியிருந்தால் வெற்று அட்டையையாவது கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: மருந்தும் வீட்டில் செய்ய வேண்டியதும்

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து வேறு. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைற்றோபியூரன்ரொயின் வழமையாகக் கொடுக்கப்படுகிறது, அது சிறுநீரை அடர்மஞ்சளாகவோ கபில நிறமாகவோ மாற்றும், அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் கிளமிடியாவை அது தொடாது. கிளமிடியாவுக்கு டொக்சிசைக்கிளின் ஏழு நாட்கள். கொனோரியாவுக்கு செப்ற்றியாக்சோன் ஊசி. அயலவருக்குக் கேட்ட குளிசை உங்களுக்குக் கேட்காமல் போவது இதனால்தான். பாலுறவால் தொற்றிய நோய் என்று உறுதியானால் துணையும் ஒரே காலத்தில் மருந்தெடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்து ஏழு நாட்கள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

‘சூடு’ என்று சொல்லி இளநீர், பார்லித் தண்ணீர், மோர், நெருஞ்சிக் கசாயம் என்று வீட்டில் கொடுப்பார்கள். அவற்றின் பயனில் பெரும்பகுதி உள்ளே போகும் நீரால் வருவது; அந்த அளவில் நல்லதே. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்து அடிக்கடி சலக்கடுப்பால் அவதிப்பட்ட பெண்கள், மேலும் ஒன்றரை லீற்றர் நீர் கூட்டிக் குடித்தபோது தொற்றுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வெயிலில் வேலை செய்வோரும், கழிவறை கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் கசாயம் தொற்றைக் கொல்லும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ளவர்கள் நீரின் அளவையும் இளநீரையும் வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

குணமாகும் வரை தேத்தண்ணி, கோப்பி, மதுபானம், கடும் உறைப்பு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். டெட்டோலாலும் வாசனைச் சவர்க்காரத்தாலும் உறுப்பைத் தேய்த்துக் கழுவுவதை உடனே நிறுத்துங்கள். அந்தக் கழுவலே எரிச்சலைத் தொடரச் செய்வதை நிறையப் பேர் உணர்வதில்லை.

ஏழாம் படி: எல்லாச் சோதனையும் சரி, ஆனாலும் விடவில்லை என்றால்

மனம் மிகவும் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். வளர்ப்பில் ஒன்றுமில்லை, கிளமிடியா, கொனோரியா இல்லை, எச்.ஐ.வி. இல்லை, எரிச்சலோ, சிறுநீர் கழித்த பின் நிற்கும் ஒருவகைக் கூச்சமோ, அடிப்பகுதியில் ஒரு பாரமோ வாரக்கணக்கில் இருக்கிறது. முதலில், சரியான சிகிச்சை கிடைத்த பின்பும் புண்பட்ட சவ்வு ஆற ஓரிரு வாரம் ஆகலாம். அதற்கு மேலும் தொடர்ந்தால் வைத்தியர் தேட வேண்டியவை வேறு: சிறுநீர்க் கல், நீரிழிவு, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புறஸ்ரேற் சுரப்பியின் அழற்சி, பெண்களுக்குப் பூஞ்சணமோ யோனி வறட்சியோ, சிறுநீர்ப்பை வலி நோய், வழமையான சோதனையில் அகப்படாத வேறு சில கிருமிகள். இரத்தச் சீனிச் சோதனையை நீங்களாகவே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

அடியிடுப்புத் தசைகளின் இறுக்கத்தைப் பற்றிப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. சிறுநீர்ப்பையைத் தாங்கி நிற்கும் தசைகள் வலியாலும் பயத்தாலும் இறுகிக்கொள்கின்றன. இறுகிய தசை எரிச்சலாகவும் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வாகவும் தன்னைக் காட்டுகிறது. அந்த உணர்வு பயத்தைக் கூட்ட, பயம் மறுபடி தசையை இறுக்குகிறது. இது மனப்பிரமையன்று, உடலில் உண்மையாக நடப்பது. இளஞ்சூட்டு நீரில் பதினைந்து நிமிடம் இடுப்பளவு அமர்ந்திருத்தல், வயிறு எழும்பித் தாழ மெல்ல மூச்சு விடுதல், முக்கிச் சிறுநீர் கழிக்காமலிருத்தல், மோட்டார்சைக்கிளில் நெடுநேரம் அமர்வதைக் குறைத்தல் ஆகியவை உதவும். இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கலாம். ஆண்கள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும்: கசிவு வருகிறதா என்று பார்க்க உறுப்பின் நுனியை நாளுக்குப் பலமுறை அழுத்திப் பிழிகிறார்கள். அப்படிப் பிழிந்தால் ஆரோக்கியமான சிறுநீர்வழியும் சிவந்து கசியும். கையை எடுத்துவிட்டுப் பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: எந்த நாளில் எந்தச் சோதனை, எப்போது நிறுத்துவது?

உறவு நடந்து மூன்றாம் நாளே எல்லாச் சோதனையும் செய்து ‘இல்லை’ என்று வந்தால் அதில் பயனில்லை. கொனோரியா, கிளமிடியா மரபணுச் சோதனை இரண்டு வாரத்துக்குப் பிறகு நம்பத்தக்கது, எச்.ஐ.வி.க்கு ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாட்களுக்குப் பிறகும், விரலில் குத்திப் பார்க்கும் துரிதச் சோதனை 90 நாட்களுக்குப் பிறகும் முடிவானது. சிபிலிசுக்கும் 90 நாட்கள் ஆகும். கிளமிடியாவுக்கு மருந்தெடுத்தவர்கள் மூன்று வாரத்துக்குள் திரும்பச் சோதித்தால் செத்த கிருமியின் மரபணுவே பிழையான முடிவைத் தரலாம். இந்த நாட்களைக் கடந்து வந்த முடிவு ‘இல்லை’ என்றால், இடையில் புதிதாக எதுவும் நடக்காதவரை அது முடிந்த விடயம்; வேறு ஆய்வுகூடத்தில் மறுபடியும் மறுபடியும் பணம் கட்டிச் சோதிக்க வேண்டாம்.

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஒரு வருடத்தில் மூன்று முறையோ வளர்ப்பில் உறுதியான சலக்கடுப்பு வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்றாகக் கொண்டு தனியாகச் சிகிச்சை செய்வார்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும் ஒரே கோவையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறைக்கு உறை வாங்கும்போது விந்தணுக்கொல்லியும் வாசனையும் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இறப்பரை நலிவடையச் செய்யும் என்பதால் எண்ணெய் இல்லாத, நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புத் திரவத்தையே பயன்படுத்துங்கள். பணப்பையிலோ மோட்டார்சைக்கிள் இருக்கைக்குக் கீழோ வெயிலில் வெந்த உறையை எறிந்துவிடுங்கள். குதவாய் உறவிலிருந்து யோனி உறவுக்கு மாறும்போது புதிய உறை அணியுங்கள். உறவு முடிந்ததும் சிறுநீர் கழிப்பதற்குப் பெரிய சான்று இல்லாவிட்டாலும் தீங்கும் இல்லை, ஆகையால் அதையும் செய்யலாம். உறையை மாற்றிய பின்னும் ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல் வருமானால், காலிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, இறப்பர் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேளுங்கள். இறப்பர் இல்லாத உறைகளும் இருக்கின்றன.